நாற்காலிக்கு ஐந்து கால்



என்னிடம் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்த ஒரு பெண் போன வாரம் சென்னையிலிருந்து போனில் பேசினாள். கம்ப்யூட்டர் வேலை, ஒரு நாளைக்கு 10 மணி நேரம் உட்கார்ந்தபடிதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் சாப்பாட்டு மேசை நாற்காலியிலேயே உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதாம். "6,000 ரூபாய்க்கும் இருக்கு, 25,000 ரூபாய்க்கும் இருக்கு. எதை சார் வாங்கறது?" என்று கேட்டாள். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஆனால் நீங்கள் 45 நிமிஷ பீரியடில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம். மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். இலங்கைத் தமிழர் சொல்லும் 'கதிரை'யும் அப்படித்தான். நாம் மட்டும் நாற்காலி என்று சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். அகராதியில் பார்த்தால் நாற்காலிக்கு 'நான்கு கால் விலங்கு' என்றும் பொருள் இருக்கிறது. மாட்டுக்கும் அதே பெயர், அதிகாரி உட்காருவதற்கும் அதே பெயர்.

மேசையும் நாற்காலியும் இல்லாமல் நம் முன்னோர் எப்படி எழுத்து வேலை பார்த்தார்கள்? ஓலையில் எழுத மேசை வேண்டாம். இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதலாம், திண்ணையில் தூணில் சாய்ந்துகொண்டும் எழுதலாம். கணக்கர்கள் இப்படித்தான் ஊர் நிலக்கணக்கு முழுவதையும் எழுதி வைத்தார்கள். பேப்பர் வந்தது, மைக்கூடும் இறகுப்பேனாவும் வந்தன. பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டெழுதும் பேனாவால் எழுத முடியாது. அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டும். பழைய நகைக்கடையிலும் மண்டியிலும் மெத்தை விரித்து, திண்டு போட்டு, எதிரே சாய்வான மூடி வைத்த மரப்பெட்டியை வைத்துக் கணக்கு எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். அது பாதி வழியில் நின்றுவிட்ட ஏற்பாடு. வெள்ளைக்காரன் கச்சேரிகளில் முழு மேசை வந்தது. மேசை உயரத்துக்கு மனிதனைத் தூக்கிவைக்க நாற்காலி வந்தது.

வந்த உடனே அது அந்தஸ்து ஆகிவிட்டது. வட இந்தியாவில் வெள்ளைக்கார ஆட்சியில் 'குர்ஸி நஷீன்' என்று ஒரு மரியாதை இருந்தது. ஜில்லா அதிகாரியைப் பார்க்கப் போனால் அவர் எதிரில் நாற்காலியில் உட்காரலாம் என்று அனுமதி பெற்றவர். அதற்குச் சான்றிதழ் உண்டு, அதைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொள்வார்கள். நம் பக்கத்துத் தாலுகா ஆபீஸ்களில் சான்றிதழ் இல்லாமலே எல்லோருக்கும் தெரியும். கை வைத்த நாற்காலி அதிகாரிக்கு, கை இல்லாதது குமாஸ்தாவுக்கு, ஸ்டூல் டவாலிக்கு, தரை மனு கொடுக்க வந்தவருக்கு. அதிகாரி நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. வியர்வைக்காகப் போட ஆரம்பித்திருப்பார்கள். ஏ.சி. வந்த பிறகும் துண்டு போகவில்லை.

கி. ராஜநாராயணன் 'நாற்காலி' என்றே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். கிராமத்தில் ஒரு வீட்டுக்கு நாற்காலி வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. ஊரில் இறந்தவரை உட்கார வைக்க அதை இரவல் கேட்டு வருவார்கள். படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். இதற்கு மேல் நான் சொன்னால் ருசி போய்விடும்.

நான் அதிகம் மதிப்பது அந்தக் காலத்துப் பிரம்பு நாற்காலியை. தேக்குச் சட்டம், துளை போட்டுப் பின்னிய பிரம்பு. நெடுக்காக ஓட்டி, குறுக்காக ஓட்டி, பிறகு இரண்டு மூலைவாட்டிலும் ஓட்டினால் எட்டு மூலைக் கண்கள் கிடைக்கும். காற்றுப் போகும், உட்கார்ந்தால் கொஞ்சம் கொடுக்கும், எழுந்தால் பழையபடி நிமிரும். அரசு ஆபீஸ்களில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது பார்வையற்றவர்களுக்கென்று அடையாளம் கண்ட பணிகளில் ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு மே மாத விடுமுறையில் அப்படி ஒருவர் வருவார். தண்ணீரில் ஊறிய பிரம்பை விரலால் தடவிப் பார்த்தே நல்லது கெட்டதைப் பிரித்துவிடுவார். ஒரு நாற்காலிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். பேச்சுக் கொடுத்தால் கை நிற்காது, வாயும் நிற்காது. பிறகு பிளாஸ்டிக் வயர் வந்தது, அதற்குப் பிறகு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சரி. எட்டு மணி நேர வேலைக்குச் சரிவராது. முதுகு வேர்க்கும், வழுக்கும், யார் உயரத்துக்கும் மாறாது.

இனி நம் பெண் கேட்ட நாற்காலி. சக்கரம் வைத்து, சுழன்று, சாய்ந்து கொடுக்கும் இந்த ஜாதி நாற்காலிக்கு வயது 170-க்கு மேல். அமெரிக்காவில் தாமஸ் வாரன் என்பவர் 1849-ல் ஒன்று செய்தார். வார்ப்பிரும்புச் சட்டம், உட்காரும் பலகைக்கு அடியில் ஸ்பிரிங். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே சாயும், சுழலும், உருளும். 1851-ல் லண்டன் மகா கண்காட்சியில் அதை வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் ரயில் கம்பெனிகளும் பெரிய வியாபாரக் கம்பெனிகளும் நூற்றுக்கணக்கில் குமாஸ்தாக்களை ஒரே கூடத்தில் உட்கார வைக்க ஆரம்பித்தன. டார்வின்கூடத் தன் படிப்பறை நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியிருந்தார். எழுந்து நடக்காமலே மாதிரிகளை எட்டி எடுக்கலாம் அல்லவா. அவருக்கு உடம்பும் சரியில்லாமல் இருந்தது, பாவம்.

அப்போதெல்லாம் சுகம் என்றால் அது உட்காருபவரின் அபிப்பிராயம்தான். அளந்து பார்த்தது 20-ஆம் நூற்றாண்டில். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் ஆட்களின் இடுப்புத் தண்டுவட்டுக்குள் ஊசி செலுத்தி, நிற்கும்போதும் உட்காரும்போதும் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் கூடுதல் என்று வந்தது. பின்னாளில் வேறு கருவிகளோடு வந்தவர்கள் அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் முதுகைப் பின்னால் சாய்த்துவிட்டால் அழுத்தம் குறைகிறது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். "நிமிர்ந்து உட்காரு" என்று 30 வருஷம் வகுப்பில் சொன்ன ஆசிரியர்கள் நாங்கள். குச்சி மாதிரி நிமிர்வது அல்ல, சாய்மானத்தோடு உட்காருவதுதான் உடம்புக்கு ஏற்றது என்று அந்த ஊசி சொல்கிறது.

1994-ல் அமெரிக்காவில் ஏரான் என்ற நாற்காலி வந்தது. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் வடிவமைத்தது. முதியவர்கள் நெடுநேரம் உட்கார நல்ல நாற்காலி எது என்று அவர்கள் முன்பு செய்த ஆராய்ச்சியில் இதன் வேர் இருக்கிறது. மெத்தையை எடுத்துவிட்டு வலைத்துணியை இழுத்துக் கட்டினார்கள். உலகம் அதிசயப்பட்டது. காற்றுப் போகும், கொஞ்சம் கொடுக்கும், எழுந்தால் பழையபடி நிமிரும். மேலே பிரம்பைப் பற்றி எழுதியதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்!

இன்னொன்று. நாலு கால் வைத்த சுழல் நாற்காலி ஓரமாகச் சாய்ந்தால் குடை சாய்ந்துவிடும். அதனால் இப்போது வருகிறவற்றுக்கு ஐந்து கால். நாற்காலி என்ற பெயரை மட்டும் நாம் மாற்றவில்லை.

சரி, அம்மா, உன் கேள்விக்கு வருகிறேன். விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு டேப் எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உன் முழங்காலின் உள்மடிப்பிலிருந்து தரை வரை அளந்துகொள். ஐந்தடி உயரப் பெண்களுக்கு 38, 39 செ.மீ. வரும். கடையில் இருக்கும் பல நாற்காலிகள் எவ்வளவு இறக்கினாலும் 42, 43 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. கால் அந்தரத்தில் தொங்கினால் தொடைக்கு அடியில் அழுத்தும், கால் மரத்துப்போகும், நீ முன்னால் நகர்ந்து நுனியில் உட்காருவாய், அப்புறம் எவ்வளவு நல்ல சாய்மானம் இருந்தும் முதுகுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 25,000 ரூபாய் அங்கேயே வீண். நாற்காலி இறங்காவிட்டால் காலடியில் பாட்டி வீட்டு மணைப்பலகையைப் போட்டுக்கொள். பின்னால் முழுவதும் தள்ளி உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போகவேண்டும். இடுப்பு வளைவில் சாய்மானம் தொடவேண்டும். கைப்பிடி மேசையில் இடித்துக்கொண்டு உன்னைத் தள்ளி நிறுத்தக்கூடாது. கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடாதே, இருபது நிமிஷமாவது உட்கார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இதெல்லாம் 6,000 ரூபாய் நாற்காலியில் உனக்குப் பொருந்தினால் அதுவே போதும்.

அப்படியும் அரைமணிக்கு ஒரு தரம் எழுந்துவிடு. 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் பஸ் ஊழியர்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு வந்த மாரடைப்பு, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள்.

இந்த இடத்தில் நம்ம ஊருக்குத் திரும்புகிறேன். இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700-ல் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதினார். பெரிய மனிதர்களை விட்டுவிட்டு ஒவ்வொரு தொழிலாளியிடமும் போய் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கச் சொன்னவர் அவர். அந்த நூலில் குயவர்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. மெருகுக்குச் சேர்க்கும் ஈயம் அவர்கள் கைகால்களை எப்படி நடுங்க வைக்கிறது என்று எழுதினார். 1713-ல் சேர்த்த பகுதியில் எழுத்தர்களைப் பற்றி வருகிறது. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைவது, தப்பு வந்துவிடுமோ என்று மனம் இழுத்துக்கட்டியபடியே இருப்பது, இந்த மூன்றும்தான் அவர்கள் நோய்க்குக் காரணம் என்றார். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

களிமண்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒரே நூலில். செராமிக் தொழிற்பேட்டையும் தாலுகா ஆபீஸும் ஒரே ஊரில் இருக்கிற விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது அதிசயம் இல்லை. தொழிற்பேட்டைக்குள் போயிருக்கிறீர்களா? உங்களில் சிலருடைய அம்மாவே அங்கே வேலை பார்த்தவர்கள். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையும் அகல் விளக்கும் வரிசையாக இருக்கும். ஓரத்துப் பிசிறைச் சீவுவதும், ஈரப் பஞ்சால் துடைப்பதும், வர்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். தரையில் ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, குனிந்த முதுகு. கார்த்திகைக்கு முந்தின மாதங்களில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுவார்கள். எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். தரையில் உட்காருவது நம் பண்பாடு, யோகாசனம் என்று பேசுகிறவர்கள் அந்தச் சாக்கில் ஒரு வாரம் உட்கார்ந்து 500 விளக்கு துடைத்துவிட்டு வந்து பேசட்டும். சம்மணம் போடுவதில் கெடுதல் இல்லை. குனிந்தபடி ஒன்பது மணி நேரம் இருப்பதில்தான் கெடுதல். ஒரு பலகையை முழங்கை உயரத்துக்குத் தூக்கி வைத்து, முதுகுக்குச் சாய்மானமும் கொடுத்தால் அதே வேலையை வலியில்லாமல் செய்யலாம்.

(நடுவில் ஒரு வார்த்தை. வயதான முழங்கால்களுக்கு நம் ஜில்லா செய்த பெரிய உபகாரம் வடலூரில் இருக்கிறது. அங்கே நெய்சர் கம்பெனியில் செய்த பீங்கான் சாமான்களில் மேல்நாட்டுக் கக்கூஸ் பீங்கானும் ஒன்று. உட்காருவதைப் பற்றி எழுதும்போது அதை விடுவது நியாயமில்லை. என் வயதுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.)

நாற்காலியில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு நாற்காலி என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் நாடு முழுக்கச் சுற்றியது. வேறெங்கோ அல்ல, நம் கடலூர் மாவட்டம், புவனகிரி பக்கத்துத் தெற்குத்திட்டை ஊராட்சி. கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில். ஊராட்சித் தலைவரான பட்டியல் சமூகப் பெண் தரையில். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்! புகைப்படம் வந்த பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் கைதானார். புகைப்படம் வராமல் இருந்திருந்தால்? குர்ஸி நஷீன் சான்றிதழைப் பற்றி வகுப்பில் சொன்னபோது சிரித்தீர்கள். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இன்னொரு கூட்டம் நாம் தினமும் பார்ப்பது, பார்த்தும் பார்க்காமல் போவது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்கிற பிள்ளைகள். வாடிக்கையாளர் இல்லாதபோதும் நிற்கவேண்டும், சுவரில் சாயக்கூடாது. வசந்தபாலன் 2010-ல் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எனக்கும் பாடம் நடத்தி நடத்திக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. ஆனால் நான் பீரியடுக்கும் பீரியடுக்கும் நடுவில் ஆசிரியர் அறையில் உட்காருவேன். அவர்களுக்குப் பீரியடே கிடையாது.

உட்காரும் உரிமைக்குச் சட்டம் என்பது புதுசு அல்ல. 1899-ல் இங்கிலாந்தில் கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்கச் சொன்னது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்கு இல்லை. கடைக்கு நம் மாநிலத்தில் 1947-லேயே தனிச் சட்டம் இருந்தது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. உட்காருவது மட்டும் இல்லை.

வழி காட்டியது கேரளம். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைவீதி. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை ஆரம்பித்தார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடையில் வசதி இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் உட்காரும் உரிமைக்குப் போராட்டம். 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இதை ஏற்றுக்கொண்டது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா வந்தது. கொண்டுவந்த தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் நம் பக்கத்துத் திட்டக்குடித் தொகுதிக்காரர். அந்த மாதமே நிறைவேறியது. 1947-ஆம் வருஷச் சட்டத்தில் 22-அ என்று ஒரு புதுப் பிரிவு. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்கவேண்டும், வேலைக்கு நடுவே கிடைக்கும் வாய்ப்பில் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்பது சாரம். 'பெண்களுக்கு' என்று இல்லை, 'எல்லா ஊழியருக்கும்' என்று இருப்பதைக் கவனியுங்கள்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கடையில் இருக்கிறதா என்று போன மாதம் பேரனுக்குச் சட்டை எடுக்கப் போன சாக்கில் நம்ம ஊர்க் கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூல்கள், இரண்டு பெண்கள் உட்கார்ந்தே துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப்பெட்டி இருந்தது. மற்ற இரண்டில் முதலாளி நாற்காலி ஒன்றுதான், துண்டோடு. ஒரு பெண்ணிடம் மெதுவாக, "உட்காரலாமே அம்மா" என்றேன். கேமராவைக் கண்ணால் காட்டிவிட்டு, "என்ன சைஸ் சார்?" என்றாள்.

என்னிடம் படித்தவர்களில் கடை வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். ஜவுளி, பாத்திரம், மெடிக்கல், பீங்கான் விளக்கு. கவுண்டர் உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல், கால் வைக்கக் குறுக்குக் கம்பியோடு, தச்சரிடமே சொல்லிச் செய்யலாம். தீபாவளிக் கூட்டம் ஆரம்பிப்பதற்குள் போட்டுவிடுங்கள். போட்டதும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். ஸ்டூலை மட்டும் எடுத்து அனுப்பவேண்டாம், அதில் ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும்.